முட்டைகளை எண்ணிய ஆசிரியர்

இரண்டாம் ஆண்டு இடைத்தேர்வில் ஒரு கேள்வி வந்தது. ஒரு பறவை தன் கூட்டில் இத்தனை முட்டைதான் இடும் என்பதை எது முடிவு செய்கிறது? நான் தயங்காமல் எழுதினேன். ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பறவைகள் இறக்கின்றனவோ, அந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்குத்தான் முட்டைகள் இருக்கும். கூடினால் உணவு போதாது. குறைந்தால் இனமே அழிந்துபோகும். ஆகவே இயற்கை எல்லாவற்றையும் அளவோடு வைத்திருக்கிறது. எழுதி முடித்தபோது எனக்கே அது மிகவும் பிடித்திருந்தது. விடைத்தாள் கைக்கு வந்தபோது அந்தப் பத்தி முழுவதும் சிவப்புக் கோடு. ஓரத்தில் விரிவுரையாளர் விளக்கம் எதுவும் எழுதவில்லை. ஒரே ஒரு பெயரை மட்டும் எழுதியிருந்தார்: டேவிட் லாக்.

அந்த விடையை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. வீட்டில் கேட்டுக் கேட்டு மனத்தில் ஊறிப்போன எண்ணம் அது. பேராக்கில் ஓர் இரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என் பாட்டி. அவருக்குப் பிறந்தவர்கள் ஒன்பது பேர். வளர்ந்து ஆளானவர்கள் ஆறு பேர். போனதற்கு ஈடாகத்தான் அடுத்தது வந்தது என்று பாட்டி சொல்வார். அப்படிச் சொல்வதில் அவருக்கு ஓர் ஆறுதல் இருந்தது. கோழியை அடைக்கு வைக்கும்போதும் அவரிடம் ஒரு கணக்கு உண்டு. ஒன்பது முட்டை, அல்லது பதினொன்று. பெரிய கோழியானால் பதின்மூன்று. வயிற்றுச் சூடு எட்டுகிற அளவுக்குத்தான் வைக்க வேண்டும். மேலே வைத்தால் ஓரத்தில் இருப்பவை கூமுட்டையாகிவிடும்.

பாட்டியின் இந்த இரண்டு கருத்துகளையும் ஐரோப்பியப் பறவையியல் அறிஞர்களில் பலர் 1940கள் வரை நம்பியிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நம்பிக்கையை அசைத்தவர் லாக். அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பதில் தேடிப் போன நான், அவருடைய நூல்களையும் வாழ்க்கையையும் தொடர்ந்து படித்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

டேவிட் லாம்பர்ட் லாக் 1910ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை அறுவை மருத்துவர். பையனுக்குச் சிறு வயதிலேயே பறவைப் பித்து. கிரெஷம்ஸ் பள்ளியில் படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜின் மாக்டலின் கல்லூரிக்குப் போனார். அந்தக் காலத்து விலங்கியல் பெரும்பாலும் இறந்த உயிர்களை அறுத்துப் பார்க்கும் படிப்பு. உயிரோடு இருக்கும் பறவையைத் தோட்டத்தில் உட்கார்ந்து கவனிப்பதை அறிவியல் என்று எவரும் மதிக்கவில்லை. ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்றார்கள். லாக் அந்தப் பொழுதுபோக்கைத்தான் மும்முரமாகச் செய்தார். கோடை விடுமுறைகளில் செயின்ட் கில்டா, பேர் தீவு, கிரீன்லாந்து என்று வட கடல்களுக்குப் பயணம் போனார். 1933இல் பட்டம் பெற்றார், இரண்டாம் வகுப்பில். (இரண்டாம் வகுப்பு என்று சொல்லக் கூச்சப்படும் நண்பர்கள் இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம்.)

படிப்பு முடிந்ததும் பள்ளி ஆசிரியர் வேலை. ஜூலியன் ஹக்ஸ்லியின் பரிந்துரையால் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் இருந்த டார்டிங்டன் ஹால் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தார். இந்தப் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதை நிறுவிய லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், அதற்கு முன் வங்காளத்தில் தாகூருடன் பணியாற்றியவர்; 1922இல் ஸ்ரீநிகேதன் கிராமப் பணியைத் தொடங்க உதவியவர். சாந்திநிகேதனில் மரத்தடியில் பாடம் நடந்ததைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். அந்தக் காற்று கொஞ்சம் டெவன் வரை வீசியது என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளை அடக்கி வைக்காத பள்ளி அது. பறவைகளின் பின்னால் அலையும் ஆசிரியரையும் யாரும் அடக்கவில்லை.

பள்ளியைச் சுற்றியிருந்த செம்மார்பு ராபின் குருவிகளின் கால்களில் லாக் வண்ண வளையங்களை மாட்டினார். வளையத்தின் நிறத்தைப் பார்த்தால் இது எந்தக் குருவி, போன ஆண்டு எங்கே இருந்தது, யாரோடு சேர்ந்தது என்றெல்லாம் சொல்லிவிடலாம். நான்கு ஆண்டுகள் இப்படிக் கவனித்தார். ஆண் ராபின் தன் எல்லைக்குள் வருபவனை எப்படி விரட்டுகிறது என்று பார்க்கப் பாடம் செய்த பொம்மைக் குருவியை வைத்தார். பிறகு ஒரு கொத்துச் சிவப்பு இறகை மட்டும் வைத்தார். தலையும் இல்லை, உடலும் இல்லை, ஆனாலும் ராபின் அதைத் தாக்கியது. 1943இல் வெளிவந்த ராபினின் வாழ்க்கை என்ற அவருடைய நூலைப் பொதுமக்களும் விரும்பிப் படித்தார்கள்.

ஆனால் என்னை உலுக்கியது அந்தச் சிவப்பு இறகு இல்லை, அதே நூலில் வரும் இறப்புக் கணக்குதான். ராபின் பத்து ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய குருவி. ஆனால் வளையம் மாட்டிய குருவிகளில் பாதிக்கும் மேற்பட்டவை அடுத்த ஆண்டைப் பார்க்கவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இணை ஓர் ஆண்டில் இரண்டு முறை ஐந்தைந்து முட்டை இடுவதாக வைத்துக்கொள்வோம். தாய் தந்தையோடு சேர்த்தால் பன்னிரண்டு உயிர்கள். ஊரில் ராபின்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. அப்படியானால் அடுத்த ஆண்டு இந்தப் பன்னிரண்டில் மிஞ்ச வேண்டியவை இரண்டு. மற்ற பத்தும் செத்தாக வேண்டும். வாழ்த்து அட்டைகளில் பனியில் நிற்கும் அந்த அழகுக் குருவிக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

1938இன் இறுதியில் விடுப்பு எடுத்துக்கொண்டு லாக் காலாபாகோஸ் தீவுகளுக்குப் போனார். தம் மாணவன் ரிச்சர்ட் லீகாக்கைப் படம் எடுப்பதற்காகக் கூட அழைத்துச் சென்றார். பதினேழு வயதுப் பையன். பிற்காலத்தில் ஆவணப்பட உலகில் பெரும்பெயர் பெற்றவர். டார்வின் கண்ட குருவிகளைச் சில மாதங்கள் அங்கே பார்த்துவிட்டு, பிறகு சான்பிரான்சிஸ்கோவில் இருந்த ஆயிரக்கணக்கான பாடம் செய்த குருவிகளின் அலகுகளை லாக் அளந்தார். ஓர் இனத்துக்குப் பெரிய அலகு, இன்னோர் இனத்துக்குச் சிறிய அலகு. ஏன்? தன் இனத்தைத் தானே அடையாளம் கண்டுகொள்வதற்காக. உணவுக்கும் அதற்கும் பெரிய தொடர்பு இல்லை என்று எழுதினார். போர் காரணமாக அந்த ஆய்வு 1945இல்தான் அச்சேறியது. அதற்குள் அவர் மனம் மாறிவிட்டது. 1947இல் வெளிவந்த டார்வினின் ஃபிஞ்ச் குருவிகள் என்ற நூலில் நேர்மாறாக எழுதினார்: அலகு வேறுபடுவது உணவுக்காகத்தான், ஒரே தீவில் ஒன்றோடொன்று போட்டியிடாமல் வாழ்வதற்காகத்தான். தம்முடைய சொந்த முடிவை இரண்டே ஆண்டுகளில் அச்சிலேயே மாற்றிக்கொள்வது எளிதான காரியமா? இன்று பாடநூல்களில் இருப்பது இரண்டாவது லாக்கின் கருத்து.

அந்த மனமாற்றம் நடந்தது போர்க்காலத்தில். இராணுவத்தின் ராடார் ஆய்வுப் பிரிவில் அவருக்கு வேலை. திரையில் அவ்வப்போது விமானமும் இல்லாமல் கப்பலும் இல்லாமல் ஏதோ நகரும். வீரர்கள் அவற்றைத் தேவதைகள் என்று அழைத்தார்கள். அவை பறவைகள் என்று லாக்கும் பூச்சியியலாளர் வார்லியும் 1945இல் எழுதினார்கள். இராத்திரியில் கூட்டமாக வலசை போகும் பறவைகளை ராடாரில் பார்க்கும் துறை அப்படித்தான் கண்விழித்தது. இது வேறு கதை, இதற்குள் போனால் முட்டைக்குத் திரும்ப முடியாது.

1945இல் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் கிரே கள ஆய்வுக் கழகத்துக்கு இயக்குநரானார். இறக்கும்வரை, இருபத்தெட்டு ஆண்டுகள், அதே இருக்கை. அங்கே அவர் முதலில் கையில் எடுத்த கேள்வி என் இடைத்தேர்வுக் கேள்விதான். ஐபிஸ் இதழில் 1947, 1948ஆம் ஆண்டுகளில் தொடராக வந்த கட்டுரையில் பழைய விடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

முதல் விடை: உடம்பால் முடிந்த அளவுக்குத்தான் இடுகிறது. இது பலருக்குப் பொருந்தவில்லை. கூட்டிலிருந்து முட்டையை எடுத்துக்கொண்டே இருந்தால் சில பறவைகள் இட்டுக்கொண்டே இருக்கின்றன. 1883இல் அமெரிக்காவில் ஒருவர் ஒரு மரங்கொத்தியின் கூட்டில் ஒரு முட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொண்டே வந்தார். அது 73 நாட்களில் 71 முட்டை இட்டது. இரண்டாம் விடை: வயிற்றுச் சூடு எட்டும் அளவுக்குத்தான். இது என் பாட்டியின் விடை. கோழிக்கு அது ஓரளவு சரியாக இருக்கலாம். ஆனால் பல காட்டுப் பறவைகளின் கூட்டில் கூடுதலாக ஒரு முட்டையை வைத்தாலும் அதையும் சேர்த்துப் பொரித்துவிடுகின்றன. மூன்றாம் விடை: இறப்பை ஈடுகட்ட. இது பாட்டியின் இன்னொரு விடை, என்னுடையதும் அதுவே.

மூன்றாவதை லாக் எப்படி மறுத்தார் என்பதைத்தான் நான் பல முறை திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரே காட்டில் இரண்டு வகைத் தாய்கள் இருப்பதாக நினைப்போம். ஒன்று நான்கு முட்டை இடுகிறது; மற்றொன்று ஆறு. அந்தப் பழக்கம் பிள்ளைகளுக்கும் வருகிறது. ஆறு இடுகிறவள் அதிகக் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கினால், சில தலைமுறைகளில் காடு முழுவதும் அவளுடைய வழிவந்தவையாகிவிடும். இனத்துக்கு அளவு மிஞ்சிப் போகிறதே என்று யாரும் தடுக்கப்போவதில்லை. நான்கு இடுகிறவள் இனத்தின் நன்மைக்காக அடங்கி நடந்தாள் என்று பாராட்டவும் ஆள் இருக்காது, ஏனென்றால் அவளுடைய வழியே இருக்காது. ஆக, எண்ணிக்கையைத் தீர்மானிப்பது எந்த எண்ணிக்கையில் அதிகக் குஞ்சுகள் உயிரோடு தேறுகின்றன என்பதுதான். முட்டை கூடக் கூட ஒவ்வொரு குஞ்சுக்கும் கிடைக்கும் இரை குறையும். ஓர் எல்லையைத் தாண்டினால் ஆறில் தேறுவது ஐந்தில் தேறுவதைவிடக் குறைந்துபோகும். அந்த எல்லைதான் முட்டைக் கணக்கு. இதில் நான் தலைகீழாகப் புரிந்து வைத்திருந்த இடம் ஒன்று இருக்கிறது. நிறையச் சாவதால் நிறைய முட்டை இடவில்லை. நிறைய முட்டை இடுவதால்தான் நிறையச் சாகின்றன.

சொன்னால் மட்டும் போதுமா? எண்ணிக் காட்ட வேண்டுமே. சுவிட்சர்லாந்தில் பல ஆண்டுகளாக ஸ்டார்லிங் என்ற மைனா இனக் குஞ்சுகளுக்கு வளையம் மாட்டி வந்தார்கள். அந்தப் பதிவுகளை லாக் வாங்கிப் பார்த்தார். ஐந்து குஞ்சுகள் இருந்த கூடுகளைக் காட்டிலும் ஆறும் ஏழும் இருந்த கூடுகளிலிருந்து கூடுதலாகக் குஞ்சுகள் தேறியிருக்கவில்லை. ஸ்டார்லிங் வழக்கமாக இடுவதும் ஏறக்குறைய ஐந்துதான். 1948இல் இதை வெளியிட்டார்.

அடுத்தது, என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான கோபுரக் கதை. ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் கோபுரத்தில் காற்றுத் துளைகள் உண்டு. ஆண்டுதோறும் மே மாதம் ஆப்பிரிக்காவிலிருந்து வரும் உழவாரக் குருவிகள் அத்துளைகளுக்குள் கூடு கட்டும். துளைகளுக்குப் பின்னால் கண்ணாடி வைத்த பெட்டிகளைப் பொருத்தி, உள்ளிருந்தபடி அவற்றைக் கவனிக்கும் வேலை 1948இல் தொடங்கியது. கூடவே ஏணி ஏறியவர் எலிசபெத் சில்வா. 1949இல் இருவரும் மணந்துகொண்டார்கள். ஆய்வுக் கட்டுரையிலும் இருவர் பெயரும் சேர்ந்து வந்தது. இருட்டுக் கோபுரத்தில் குருவி பார்த்தபடி வளர்ந்த காதல் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் ஆய்வைப் பற்றி நிறைய எழுதிய லாக் அதைப் பற்றி எழுதி வைக்கவில்லை, நாமும் விட்டுவிடுவோம்.

உழவாரக் குருவி ஆகாயத்திலேயே வாழும் பறவை. பறக்கும் பூச்சிகளை மட்டுமே தின்னும். பெற்றோர் நூற்றுக்கணக்கான பூச்சிகளைத் தொண்டையில் உருண்டையாகச் சேர்த்துக்கொண்டு கூட்டுக்கு வரும். வெயில் அடித்தால் பூச்சி பறக்கும். இங்கிலாந்தில் மழையும் குளிருமாக ஒரு வாரம் பிடித்துக்கொண்டால் பூச்சி இல்லை. அப்போது குஞ்சுகள் உடல் சூட்டைத் தணித்துக்கொண்டு, கிட்டத்தட்ட உறங்கியபடி நாட்கணக்கில் பட்டினி கிடக்கும். நல்ல கோடையில் ஐந்து வாரத்தில் பறந்துவிடும் குஞ்சு, மோசமான கோடையில் எட்டு வாரம்வரை கூட்டில் கிடக்கும். தாயோ தந்தையோ தம் முட்டையையே கூட்டிலிருந்து தள்ளிவிடுவதையும் அவர்கள் கண்டார்கள்.

இந்தக் குருவி பெரும்பாலும் இரண்டு முட்டை இடும், சில சமயம் மூன்று. வெயில் நிறைந்த ஆண்டில் மூன்று குஞ்சுகளும் தேறும். மழை ஆண்டில் மூன்று உள்ள கூட்டில் இரை பங்கு போட்டுப் பங்கு போட்டு எல்லாமே மெலியும், சில சாகவும் கூடும். பிறகு கிறிஸ்டபர் பெரின்ஸ் வேறு கூடுகளிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து சேர்த்துப் பார்த்தார். 1964இல் அவர் வெளியிட்ட முடிவு: நான்கு குஞ்சுக் கூட்டில் தேறியவை மூன்று குஞ்சுக் கூட்டில் தேறியவற்றைவிடக் குறைவு. லாக் தாளில் வரைந்த கோடு கோபுரத்தில் அப்படியே இருந்தது.

இனி ஒரு சந்தேகம் நம் ஊரிலிருந்தே எழும். விடுதிப் பூச்செடியில் கூடு கட்டும் மெர்பா கப்போர் என்னும் கொண்டைக்குருவியைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டோ மூன்றோ முட்டைதான். ஐரோப்பாவில் அதே அளவுள்ள குருவிகள் ஐந்தும் ஆறும் இடும். ஒரே இனத்துக்குள்ளும் இது உண்டு. ராபின் கனரித் தீவுகளில் மூன்று நான்கு, ஸ்காண்டிநேவியாவில் ஆறு. வடக்கே போகப் போகக் கோடைப் பகல் நீளம், இரை தேட நேரம் அதிகம் என்றார் லாக். ஜூன் மாதம் ஆக்ஸ்ஃபர்டில் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேல். கோலாலம்பூரில் என்றைக்கும் பன்னிரண்டு. இந்த விளக்கத்தை எல்லாரும் ஏற்கவில்லை. கோஸ்டாரிக்காவில் வாழ்ந்த அலெக்சாண்டர் ஸ்கட்ச் 1949இல் அதே ஐபிஸ் இதழில் எதிர்க்கேள்வி போட்டார். வெப்பமண்டலப் பறவைகள் உண்மையிலேயே தம்மால் ஊட்ட முடிந்த அளவுக்கு வளர்க்கின்றனவா? அடிக்கடி கூட்டுக்குப் போய் வந்தால் பாம்புக்கும் கொள்ளைப் பறவைக்கும் கூட்டின் இடம் தெரிந்துவிடுமே, அதனால் குறைவான குஞ்சுகளே மேல் இல்லையா? என் இறுதியாண்டு ஆய்வுக்குக் கொண்டைக்குருவிக் கூடுகளைத்தான் எடுத்துக்கொண்டேன். பெரும்பாலான கூடுகள் குஞ்சு பறப்பதற்கு முன்பே காலியாகிவிட்டன. ஸ்கட்ச்சின் பக்கம் நான் கொஞ்சம் சாய்ந்துவிட்டதற்கு அதுதான் காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

லாக் சந்தித்த பெரிய சண்டை 1962இல் வந்தது. அபர்டீன் பல்கலைக்கழகத்தின் வின்-எட்வர்ட்ஸ் ஒரு தடித்த நூல் வெளியிட்டார். விலங்குகள் கூட்டமாகக் கூடித் தம் எண்ணிக்கையைத் தாமே உணர்ந்து, உணவு தீர்ந்துவிடாதபடி இனப்பெருக்கத்தைத் தாமே அடக்கிக்கொள்கின்றன என்பது அவருடைய வாதம். படிக்க மிகவும் இதமான கருத்து. என் தேர்வுத் தாளின் பெரிய வடிவம். லாக் 1966இல் வெளிவந்த நூலில், சேர்த்து வைத்த அத்தனை கணக்குகளையும் கொண்டு அதற்குப் பதில் சொன்னார். அடங்கி நடக்கும் கூட்டத்தில் அடங்காத ஒருத்தி வந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பழைய கேள்விதான் மீண்டும். பெரும்பாலான உயிரியலாளர்கள் லாக்கின் பக்கம் நின்றார்கள்.

இவ்வளவு இரக்கமற்ற கணக்கைக் கண்டவர் கடவுளை மறுப்பவராக இருந்திருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. ஸ்டார்லிங் கட்டுரை வந்த அதே 1948இல் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேர்ந்தார். 1957இல் பரிணாமக் கோட்பாடும் கிறிஸ்துவ நம்பிக்கையும் பற்றித் தனி நூலே எழுதினார். இயற்கைத் தேர்வை அதில் அவர் துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. மனிதனின் நன்மை தீமை உணர்வை மட்டும் அந்தத் தேர்வைக்கொண்டு விளக்கிவிட முடியாது என்று கருதினார். அது எனக்கு முழுதும் ஒப்புதலா என்று கேட்டால் தெரியாது. ஆனால் குஞ்சுகள் ஏன் சாகின்றன என்பதற்கு ஆறுதலான விடை ஒன்றைத் தேடி அவர் தம் கணக்கை வளைக்கவில்லை. இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. ஏனென்றால் நான் வளைத்திருந்தேன்.

லாக்கின் கணக்கிலும் ஒரு குறை இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது அவரே தொடங்கி வைத்த இன்னோர் ஆய்வு. ஆக்ஸ்ஃபர்டுக்கு அருகே வைட்டம் காட்டில் 1947இல் பட்டாணிக் குருவிகளுக்காகக் கூட்டுப் பெட்டிகளை மாட்டச் செய்திருந்தார். அந்தக் குருவி சராசரியாக எட்டு ஒன்பது முட்டை இடுகிறது. பல ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, அதிகக் குஞ்சுகள் தேறுவது ஏறக்குறைய பன்னிரண்டு முட்டைக் கூடுகளில் என்று 1987இல் பாய்ஸும் பெரின்ஸும் காட்டினார்கள். அப்படியென்றால் குருவி ஏன் மூன்று நான்கு முட்டையைக் குறைத்துக்கொள்கிறது? மோசமான ஆண்டுகளில் பெரிய குடும்பங்கள் அடியோடு நொடித்துப்போவது ஒரு காரணம் என்றார்கள். இன்னொரு காரணத்தை ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் 1966இலேயே சொல்லியிருந்தார். லாக் குஞ்சுகளை மட்டும் எண்ணினார்; தாயை எண்ணவில்லை. இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்காகத் தன்னை முழுக்கச் செலவழித்துவிட்ட தாய்க்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று இருக்காது.

நெதர்லாந்தில் வல்லூறு இனக் கூடுகளில் இரண்டு குஞ்சுகளைக் கூடுதலாக வைத்துப் பார்த்தார்கள். பெற்றோர் சளைக்காமல் எல்லாவற்றையும் வளர்த்தன. ஆனால் அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் அப்பெற்றோரில் 60 விழுக்காடு இறந்துபோயின. கூட்டில் குஞ்சு சேர்க்கப்படாத பெற்றோரில் இறந்தவை 29 விழுக்காடு. 1996இல் இந்த முடிவு வெளிவந்தது.

தாவரங்களிலும் இதே பேரம்தான் நடக்கிறது. சரவாக்கின் முக்கா வட்டாரத்தில் ரும்பியா என்னும் சவ்வரிசிப் பனை வளர்கிறது. பத்து ஆண்டுக்கு மேல் தண்டுக்குள் மாவுச்சத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். பிறகு ஒரே ஒரு முறை உச்சியில் பூக்கும், காய்க்கும், அந்தத் தண்டு செத்துவிடும். ஊர்க்காரர்கள் பூ விரிவதற்கு முன்பே வெட்டிவிடுவார்கள். பூத்துவிட்டால் மாவு பூவுக்கும் காய்க்கும் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். பக்கத்திலேயே தென்னை ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்த்துக்கொண்டு பல பத்தாண்டுகள் நிற்கிறது. கையில் இருப்பதை ஒரே தடவையில் போட்டுவிடுவதா, மிச்சம் வைத்துப் போடுவதா? லாக் பறவையின் கூட்டில் கேட்ட கேள்வி, இன்று மரம், மீன், பூச்சி எல்லாவற்றிடமும் கேட்கப்படுகிறது.

லாக் 1951இல் அரச கழக உறுப்பினரானார். 1972இல் அக்கழகம் அவருக்கு டார்வின் பதக்கம் வழங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1973 மார்ச் 12ஆம் நாள், 62ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார். எலிசபெத்தையும் நான்கு பிள்ளைகளையும் விட்டுச்சென்றார். தீவுப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த கடைசி நூல் 1976இல் வெளிவந்தது.

அந்தத் தேர்வுக்குப் பிறகு வந்த விடுமுறையில் பாட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். ஈடு கொடுப்பதற்காக எதுவும் பிறப்பதில்லையாம் என்று தொடங்கியதுமே, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அவர் முகம் மாறவில்லை. தாய்ப் பறவையின் கதைக்கு வந்தபோது மட்டும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். ஏழாவது பிள்ளைக்குப் பிறகுதான் தம் பல் விழத் தொடங்கியது என்றும், அதற்கு அப்புறம் மரம் வெட்டப் போகும்போது இடுப்பு எப்போதும் வலித்துக்கொண்டே இருந்தது என்றும் சொன்னார். பறவைக் கணக்கை மனிதருக்கு அப்படியே போட்டுப் பார்க்கக் கூடாது என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் நான் ஒன்றும் பேசவில்லை. பாட்டி பிறந்த ஒன்பது பேரின் பெயரையும் வரிசையாகச் சொன்னார். தங்காத மூவரில் ஒருவரின் பெயரை அன்றுதான் நான் முதல் முறையாகக் கேட்டேன்.

வைட்டம் காட்டில் இன்று ஆயிரம் பெட்டிகள்போல இருக்கின்றன. ஏப்ரல் பிறந்தால் மாணவர்கள் ஒவ்வொன்றாகத் திறந்து முட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள்.